தங்கத்தின் மாற்றறிவோம்



நம் இல்லங்களில் திருமணம் என்றால் தங்கம். காதணி விழா என்றால் தங்கம். குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலும் தங்கம். பெற்றோர் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் ஒரு சங்கிலியாகவோ ஒரு சோடி வளையலாகவோ உருமாறிப் பெட்டிக்குள் இருக்கின்றது. மகளின் கல்விச் செலவுக்காகவோ, எதிர்பாராமல் வந்த நோய்க்காகவோ அந்நகை அடகுக் கடைக்குச் செல்வதும் உண்டு. அந்நாளில் அதன் மதிப்பு யாது? தராசு மட்டும் அதனைக் கூறிவிடாது. ஒரே எடையுள்ள இரண்டு வளையல்களில் ஒன்றில் இருக்கும் பொன் மற்றொன்றில் இருப்பதைப்போல் இரு மடங்காக இருக்கவும் கூடும். எடை என்பது ஒரு பாதி. தரம் என்பது மறு பாதி. அத்தரத்தையே நம் முன்னோர் ‘மாற்று’ என்றனர். இன்றைய கடைகளில் ‘காரட்’ என்கின்றனர்.

பின்னங்களையும் தசமங்களையும் நீங்கள் வகுப்பில் கற்கின்றீர்கள். அக்கணக்கு வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இக்கட்டுரை ஒரு விடையாகும்.

தங்கத்தின் இயல்பு

தங்கம் ஒரு தனிமம். அதன் அணு எண் 79. அறிவியல் நூல்களில் அதனை ‘ஏயு’ என்னும் ஈரெழுத்துக் குறியீட்டால் குறிப்பர். இக்குறியீடு ‘ஆரம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காற்றும் நீரும் தங்கத்தைக் கெடுப்பதில்லை. இரும்பு துருப்பிடிக்கும், செம்பு பச்சையாகக் களிம்பேறும், வெள்ளி கறுக்கும். தங்கமோ பல்லாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் மங்காது. எகிப்து நாட்டு அரசர்களின் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட பொற்கலங்கள் இன்றும் ஒளி வீசுவதற்கு இதுவே காரணம்.

தங்கம் மிகவும் கனமானது. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை 1 கிராம். அதே அளவுள்ள தங்கத்தின் எடை 19.3 கிராம். அஃது உருகுவதற்கு 1064 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அடித்தால் விரியும், இழுத்தால் நீளும். ஒரே ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள மெல்லிய தகடாக அடிக்கலாம். இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள நுண்ணிய கம்பியாகவும் இழுக்கலாம்.

இத்துணைச் சிறப்புடைய தங்கத்திற்கு ஒரு குறையும் உண்டு. அது மிக மென்மையானது. பொருள்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் தூய தங்கத்தின் இடம் 2.5 முதல் 3 வரை. நம் விரல் நகத்தின் கடினமும் ஏறக்குறைய 2.5 ஆகும். தூய தங்கத்தில் மோதிரம் செய்து நாள்தோறும் அணிந்தால் அது வளையும், தேயும், பதித்த கல்லும் பிடி தளர்ந்து விழும்.

கலவை ஏன்?

இக்குறையைப் போக்கவே பொற்கொல்லர் தங்கத்துடன் செம்பு, வெள்ளி போன்ற வேறு உலோகங்களைச் சேர்த்து உருக்குகின்றனர். அவ்வாறு சேர்ந்ததைக் கலப்புலோகம் என்பர். தங்கத்தின் அணுக்கள் ஒரே அளவினவாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அழுத்தினால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் எளிதாக நழுவும். அளவில் வேறுபட்ட செம்பணுக்கள் இடையிடையே புகுந்தால் அந்நழுவல் தடைப்படுகின்றது. ஆகவே உலோகம் கடினமாகின்றது.

கலவை என்றவுடன் கலப்படம் என்று எண்ணுதல் கூடாது. எவ்வளவு கலந்தோம் என்று சொல்லிக் கலப்பது தொழில்; சொல்லாமல் கலப்பது மோசடி. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்க.

சேர்க்கும் உலோகத்தைப் பொறுத்து நிறமும் மாறும். செம்பு மிகுந்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். வெள்ளி மிகுந்தால் மஞ்சள் வெளிறிப் பசுமை கலந்து காணும். பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்த்தால் ‘வெள்ளைத் தங்கம்’ கிடைக்கும். அதன்மேல் ரோடியம் என்னும் உலோகத்தை மெல்லிய பூச்சாக ஏற்றிப் பளபளக்கச் செய்வர். நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒவ்வாமல் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். எனவே நல்ல மஞ்சள் நிறமாக இருக்கின்றது என்பதைக் கொண்டே நகையின் தரத்தை முடிவு செய்தல் இயலாது.

காரட் என்பது யாது?

மலேசியா, சிங்கப்பூர்ப் பள்ளித் திடல்களிலும் சாலையோரங்களிலும் நெடிது வளர்ந்து நிற்கும் சாகா மரத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் நெற்றுகள் வெடித்துச் சிவந்த விதைகள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும். மாணவர் அவற்றைப் பொறுக்கிப் புட்டிகளில் சேர்ப்பதுண்டு. தமிழில் இவ்விதையை மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் வழங்குவர். இவ்விதைகள் எடையில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதில்லை. ஏறத்தாழ நான்கு விதைகள் சேர்ந்தால் ஒரு கிராம். ஆதலின் முற்காலத்தில் பொன் நிறுக்க இவற்றைப் படிக்கல்லாகக் கொண்டனர். மஞ்சாடி, கழஞ்சு என்பன பழந்தமிழர் பொன் நிறுத்த அளவுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் அளித்த பொற்பொருள்களின் எடை ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

நாம் மஞ்சாடி விதையைக் கொண்டதுபோல் மத்தியதரைக் கடல் நாடுகளில் வாழ்ந்தோர் கரோப் என்னும் மரத்தின் விதையை எடைக்குப் பயன்படுத்தினர். கிரேக்கர் அவ்விதையைக் ‘கெராதியோன்’ என்றனர். அராபியர் ‘கீராத்’ என்றனர். அதுவே ஐரோப்பிய மொழிகளில் ‘காரட்’ ஆயிற்று. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசன் கான்சுடன்டைன் வெளியிட்ட பொற்காசின் எடை இவ்விதை அளவில் 24 ஆகும். காசு முழுவதும் பொன் என்றால் 24 பங்கும் பொன். அதில் ஒரு பங்கு வேறு உலோகமானால் பொன் 23 பங்கு. இவ்வாறே தூய்மையை 24 பங்காகப் பிரித்துக் கூறும் வழக்கம் நிலைபெற்றது.

ஈண்டு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வைரம் முதலிய மணிகளுக்கும் காரட் என்ற சொல் வழங்குகின்றது. அங்கே அஃது எடையைக் குறிக்கும். ஒரு காரட் மணி என்றால் 0.2 கிராம் எடையுள்ள மணி. தங்கத்தில் காரட் என்பது எடையன்று. 24 பங்கில் எத்தனைப் பங்கு பொன் என்பதையே குறிக்கும். சொல் ஒன்று, பொருள் இரண்டு.

ஒரு சிறு செய்முறை

சாகா விதைகள் 24 எடுத்து மேசைமீது வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு விதையும் ஒரு பங்கு தங்கம். இப்பொழுது இருப்பது 24 காரட் தங்கம். இரண்டு சிவப்பு விதைகளை எடுத்துவிட்டு அவ்விடத்தில் இரண்டு வெள்ளைப் பொத்தான்களை வையுங்கள். இப்பொழுது இருப்பது 22 காரட். மேலும் நான்கை மாற்றுங்கள். அது 18 காரட். விதைகள் ஒன்பதும் பொத்தான்கள் பதினைந்தும் வரும்வரை மாற்றிப் பாருங்கள். அது 9 காரட்; அதில் பொன்னைக் காட்டிலும் பிற உலோகமே மிகுதி. இருப்பினும் கடையின் விளக்கொளியில் அதுவும் மின்னும். அதுவும் தங்க நகை என்றே பெயர் பெறும்.

916 என்னும் எண்

நகையின் கொக்கியிலோ வளையலின் உட்புறத்திலோ நுண்ணிய எழுத்தில் 916 என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிலும் உள்ள நகைக் கடைகளில் நம்மவர் பெரிதும் கேட்பது இவ்வெண்ணுள்ள நகையையே. அஃது எவ்வாறு வந்தது?

22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு பொன். இதனை ஆயிரத்தில் எத்தனை என்று மாற்றுவோம். 22ஐ 24ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் 916.66 வரும். முழு எண்ணை மட்டும் பொறிப்பதால் 916 ஆயிற்று. அதாவது, ஆயிரம் கிராம் எடையுள்ள அவ்வுலோகத்தில் 916 கிராமுக்குக் குறையாமல் பொன் இருத்தல் வேண்டும். மற்றவற்றையும் இம்முறையிலேயே அறியலாம்.

24 காரட்: 999 அல்லது 999.9
22 காரட்: 916
21 காரட்: 875
20 காரட்: கணக்கின்படி 833, முத்திரை 835
18 காரட்: 750
14 காரட்: கணக்கின்படி 583; முத்திரை 585
9 காரட்: 375

இருபத்து நான்கு காரட்டுக்கு 1000 என்று ஏன் பொறிப்பதில்லை? எவ்வளவு தூய்மைப்படுத்தினும் அணுவளவு பிற பொருள் எஞ்சவே செய்யும். ஆதலின் 999 அல்லது 999.9 என்று பொறிப்பர். மலேசிய மத்திய வங்கி 2001ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளியிட்ட ‘கிஜாங் எமாஸ்’ பொற்காசின் தூய்மை 999.9 ஆகும். சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள்தொட்டு முதலீட்டுக்குரிய பொன்னுக்குப் பொருள் சேவை வரி விலக்களிக்கப்பட்டது. அவ்விலக்குப் பெறத் தங்கக் கட்டி நூற்றுக்கு 99.5 பங்கேனும் தூயதாக இருத்தல் வேண்டும். 22 காரட் நகை அவ்வகையில் சேராது.

பவுனும் சவரனும்

நம் பாட்டிமார் ‘ஐந்து பவுன் சங்கிலி’ என்று கூறக் கேட்டிருப்பீர்கள். பவுன், சவரன் என்னும் இரு சொற்களும் ஆங்கிலேயரின் பொற்காசிலிருந்து வந்தவை. அக்காசு 1817ஆம் ஆண்டுமுதல் 22 காரட் தங்கத்தில், 7.98 கிராம் எடையில் வார்க்கப்பட்டது. மக்கள் அதனை 8 கிராமாகக் கொண்டு, நகையின் எடையையும் ‘இத்தனைப் பவுன்’ என்று கூறலாயினர். எனவே பவுன் என்பது எடை. காரட் என்பது தரம். ‘ஐந்து பவுன்’ என்று மட்டும் சொன்னால் அது 40 கிராம் எடையுள்ளது என்பது விளங்கும். அதில் எவ்வளவு பொன் இருக்கின்றது என்பது விளங்காது. 22 காரட்டானால் ஒரு பவுனில் ஏறத்தாழ 7.33 கிராம் பொன் உண்டு. 18 காரட்டானால் 6 கிராம் மட்டுமே உண்டு.

மாற்றறியும் முறைகள்

நீரால் அறிதல்: கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராகூசு நகரை ஆண்ட ஈரோ மன்னன், தன் பொன்முடியில் வெள்ளி கலந்திருக்குமோ என்று ஐயுற்றான் என்றும், முடியைச் சிதைக்காமல் உண்மையை அறியுமாறு ஆர்க்கிமிடீசு என்னும் அறிஞரை வேண்டினான் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. 38.6 கிராம் எடையுள்ள தூய தங்கத்தை நீரில் இட்டால் அஃது 2 கன சென்டிமீட்டர் நீரை மட்டுமே ஒதுக்கும். அதே எடையுள்ள வெள்ளியோ ஏறத்தாழ 3.7 கன சென்டிமீட்டர் நீரை ஒதுக்கும். கலப்பு மிகுந்தால் ஒதுங்கும் நீரும் மிகும். ஆயினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. டங்சுடன் என்னும் உலோகத்தின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்திக்கு மிக நெருங்கியது. உள்ளே அதனை வைத்து வெளியே பொன் போர்த்தினால் நீர் காட்டிக் கொடுக்காது.

உரைகல்லால் அறிதல்: இது நம் நாட்டுப் பழைய முறை. கரிய, நுண்ணிய, வழவழப்பான கல்லில் நகையை உரைத்தால் பொற்கோடு படியும். தரம் அறியப்பட்ட ஊசிகளால் அதனருகே வேறு கோடுகள் இழைத்து நிறத்தை ஒப்பிடுவர். பிறகு அக்கோடுகளின்மேல் அமிலத்தைத் துளியாக இடுவர். நைத்திரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், பொன்னைக் கரைக்காது. பித்தளைக் கோடு நொடியில் மறைந்துவிடும். குறைந்த காரட் கோடு மங்கும். உயர்ந்த காரட் கோடு நிலைக்கும். தங்கத்தைக் கரைக்க வேண்டுமாயின் நைத்திரிக் அமிலம் ஒரு பங்கும் ஐதரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்த ‘அரச திராவகம்’ வேண்டும். உரைத்துப் பார்த்துக் கூறப்படும் தரமே மாற்று எனப்பட்டது. மிக உயர்ந்த பொன்னைப் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று சொல்லும் வழக்கு இன்றும் இருக்கின்றது. மாசற்ற மனிதரையும் நாம் அவ்வாறே புகழ்கின்றோம்.

நெருப்பால் அறிதல்: மிகத் துல்லியமான பழைய முறை இதுவே. நகையிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நிறுத்துக்கொள்வர். அதனை ஈயத்துடன் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் உருக்குவர். ஈயமும் செம்பும் காற்றுடன் கூடி ஆக்சைடுகளாக மாற, அவற்றைக் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளும். பொன்னும் வெள்ளியும் மணியாகத் திரண்டு எஞ்சும். அம்மணியிலுள்ள வெள்ளியை நைத்திரிக் அமிலத்தால் பிரித்துவிட்டால் தூய பொன் மட்டும் நிற்கும். அதனை மீண்டும் நிறுத்தால் விடை கிடைத்துவிடும். துன்பத்தைத் தாங்கி நோற்பவரைத் திருவள்ளுவர் நெருப்பில் இட்ட பொன்னுக்கு ஒப்பிட்டதன் நுட்பம் இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

கதிரால் அறிதல்: இக்காலத்தில் எக்சு கதிர்க் கருவிகள் வந்துவிட்டன. நகையின்மீது கதிரைச் செலுத்தினால் அதிலுள்ள ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய தனிக் கதிரைத் திருப்பி வெளியிடும். கருவி அவற்றைப் பகுத்துப் பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று சில நிமிடங்களுக்குள் காட்டும். நகைக்குச் சேதமில்லை. ஆனால் இக்கதிர் மேற்பரப்பை மட்டுமே காணும். கனமான முலாம் பூசிய பொருள் அதனையும் ஏமாற்றக்கூடும்.

காந்தத்தால் சோதிப்பதும் உண்டு. காந்தம் நகையை வலிவாக இழுத்தால் அதனுள் இரும்பு போன்ற உலோகம் உளது என்பது தெளிவு. இழுக்காவிட்டால் அது தங்கம் என்று சொல்லலாமா? சொல்லலாகாது. செம்பையும் பித்தளையையும்கூடக் காந்தம் இழுப்பதில்லை. ஒரு சோதனை எதனை நிறுவும், எதனை நிறுவாது என்று பிரித்தறிவதே அறிவியல் மனப்பான்மை.

முத்திரை என்னும் உறுதிமொழி

ஒவ்வொருவரும் உரைகல்லையும் அமிலத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்ல இயலாது. ஆகவே பிறர் சோதித்துக் குத்தும் முத்திரையை நம்புகின்றோம். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டு மன்னன் இயற்றிய சட்டம், சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்திய பின்னரே பொன் வெள்ளிப் பொருள்களை விற்க வேண்டும் என்றது. பிற்காலத்தில் இலண்டன் பொற்கொல்லர் மண்டபத்திலேயே சோதனை நடைபெற்றதால் அம்முத்திரைக்கு ஆங்கிலத்தில் ‘மண்டபக் குறி’ என்று பொருள்படும் பெயர் உண்டாயிற்று. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தங்க முத்திரை முறை 2021ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. மலேசியாவிலும் விலைமதிப்புள்ள உலோகப் பொருள்களின் விற்பனைக்கென 1994ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுக்கப்பட்டன.

இவையெல்லாம் புதுமை என்று எண்ண வேண்டா. சிலப்பதிகாரம் மதுரை மாநகரின் பொற்கடை வீதியைக் கூறுமிடத்தில் ஆடகம், சாதரூபம், சாம்பூநதம், கிளிச்சிறை என்னும் நால்வகைப் பொன்னையும், அவற்றின் வேறுபாடறிந்த வணிகரையும் குறிப்பிடுகின்றது. எவ்வகைப் பொன் எங்கே கிடைக்கும் என்று வாங்குவோர் மயங்காதிருக்கும்பொருட்டு அவ்வணிகர் கொடி கட்டி வைத்தனராம். அன்று வீதியில் பறந்த கொடியின் வேலையை இன்று நகையில் பொறித்த எண் செய்கின்றது.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

‘எந்தக் காரட் சிறந்தது?’ என்று கேட்டால் விடை கூற இயலாது. ‘எதற்குச் சிறந்தது?’ என்று கேட்டால் கூறலாம்.

சேமிப்புக்காக மட்டும் வாங்குவோர்க்கு 24 காரட் காசோ கட்டியோ ஏற்றது. அதில் வேலைப்பாடு குறைவாதலின் கூலியும் குறைவு. அணிவதற்கு அது பொருந்தாது.

தாலி, சங்கிலி, வளையல் போன்று அணியவும் வேண்டும், ஆபத்துக் காலத்தில் உதவவும் வேண்டும் என்னும் நகைகளுக்கு 22 காரட் ஏற்றது. நிறமும் நிலைக்கும், திரும்ப விற்பதும் எளிது. நம்மவர் தலைமுறை தலைமுறையாக இதனை விரும்பியது வெறும் வழக்கத்தினால் அன்று.

வைரம் முதலிய மணிகளைப் பதிக்க 18 காரட் ஏற்றது. மணியைப் பற்றியிருக்கும் சிறு கால்கள் உறுதியாக இருந்தால்தான் மணி விழாது. ஒரு மணி தொலைந்தால் அந்நட்டம் இரண்டு மூன்று காரட் வேறுபாட்டைவிடப் பெரிது.

நாள்தோறும் கடின வேலை செய்வோர் அணியும் மோதிரத்திற்கும், குறைந்த செலவில் பரிசளிக்கவும் 14, 9 காரட் நகைகள் உதவும். அவற்றை வாங்குவது இழிவன்று. ஆனால் 22 காரட் விலை கொடுத்து 9 காரட்டை வாங்குவது பேரிழப்பு.

இரண்டு கணக்குகள்

முதற் கணக்கு: ஒருவரிடம் இரண்டு சங்கிலிகள் உள. ஒன்று 22 காரட், 24 கிராம். மற்றொன்று 18 காரட், 28 கிராம். எதில் பொன் மிகுதி?

முதற் சங்கிலியில் 24 கிராமை 24ஆல் வகுத்து 22ஆல் பெருக்க, பொன் 22 கிராம். இரண்டாவதில் 28ஐ 24ஆல் வகுத்து 18ஆல் பெருக்க, பொன் 21 கிராம். கையில் கனமாகத் தோன்றியதில் பொன் குறைவு!

இரண்டாம் கணக்கு: 22 காரட் தங்கம் ஒரு கிராம் 120 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்துக் கிராம் எடையுள்ள எளிய சங்கிலிக்குக் கூலி 80 வெள்ளி. மொத்தம் 1,280 வெள்ளி. அதே எடையில் நுண்ணிய வேலைப்பாடுள்ள சங்கிலிக்குக் கூலி 300 வெள்ளி. மொத்தம் 1,500 வெள்ளி. விலை மாறாத நிலையில் இரண்டையும் திரும்ப விற்கச் சென்றால் கடைக்காரர் பார்ப்பது பொன்னை மட்டுமே. இரண்டின் பொன் மதிப்பும் 1,200 வெள்ளிதான். அதிலும் சிறிது கழித்தே கொடுப்பர். முன்னதில் இழப்பு 80 வெள்ளி. பின்னதில் 300 வெள்ளி. கூலி கலைஞனின் கைத்திறனுக்கு நாம் மனமுவந்து கொடுக்கும் விலை. அதனைச் சேமிப்பு என்று கருதுதல் தவறு.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நகையில் காரட் முத்திரை உள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். பொன்னின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியே கேட்க வேண்டும். கல் பதித்த நகையானால் கல்லின் எடையைக் கழித்துக் கணக்கிட்டனரா என்று அறிய வேண்டும். கல்லுக்குப் பொன் விலை கொடுத்தல் ஆகாது. சில பழைய நகைகளின் உட்கூட்டில் அரக்கு நிரப்பியிருப்பர். அதனையும் எடையில் கழிக்க வேண்டும். ‘முலாம் பூசியது’ என்பது மேலே மட்டும் பொன் படிந்த வேறு உலோகம் என்பதை மறத்தல் கூடாது.

பற்றவைப்பையும் கேட்டறிதல் நன்று. கண்ணிகளை இணைக்க, நகையைவிட விரைவில் உருகும் உலோகப் பொடியை வைத்து ஊதிப் பற்றவைப்பர். பொன் குறைந்த பொடியை மிகுதியாக வைத்தால், நகை முழுவதையும் உருக்கும்போது தரம் இறங்கிவிடும். இதனைத் தவிர்க்கக் காட்மியம் சேர்த்த பொடி ஒரு காலத்தில் பெரிதும் பயன்பட்டது. ஆயின் சூடேறிய காட்மியத்தின் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நகை அணிவோரைவிட அதனைச் செய்யும் தொழிலாளியே துன்புற்றார். ஆகவே காட்மியம் இல்லாத பொடிகளைக் கையாளும் வழக்கம் பரவியது. நாம் அணியும் அழகுக்குப் பின்னால் மற்றொருவரின் உடல்நலமும் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக, எடை, காரட், பொன் விலை, கூலி ஆகிய நான்கும் எழுதிய பற்றுச்சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். நகையை அடகு வைத்தால் அடகுச் சீட்டில் எழுதப்பட்ட எடையும் தரமும் சரியா என்று அவ்விடத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாருடன் கடைக்குச் செல்லும் பேரனோ பேத்தியோ இச்சீட்டைப் படித்துக் காட்டினால், அக்குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு காக்கப்படும். கல்வி கற்றதன் பயன் அங்கே அன்றோ விளங்குகின்றது?

முடிவுரை

மாணவ மணிகளே! தங்கம் தன் தரத்தைத் தானே உரைப்பதில்லை. சோதிப்பவர் கண்டு உரைக்கின்றனர். நிறமும் மினுக்கமும் விளம்பரமும் நம்மை மயக்கலாம். எண்ணும் எடையும் மயக்குவதில்லை. எதனையும் கேட்டுத் தெளிந்து, கணக்கிட்டுக் கொள்ளும் பழக்கத்தை இளமையிலேயே மேற்கொள்ளுங்கள். இன்று வீட்டிற்குச் சென்றதும் அன்னையின் அனுமதி பெற்று ஒரு நகையில் உள்ள எண்ணைப் படித்து, அஃது எத்தனைக் காரட் என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள். ஆனால் அந்நகையை அணிந்துகொண்டு பள்ளிக்கு வரவேண்டா!

பயிற்சி வினாக்கள்

1. 18 காரட் தங்கத்தில் செய்த 12 கிராம் வளையலில் தூய பொன் எவ்வளவு?
2. 585 என்னும் முத்திரை எத்தனைக் காரட்டைக் குறிக்கும்?
3. பொற்கொல்லர் 11 கிராம் தூய பொன்னுடன் 1 கிராம் செம்பு சேர்த்து உருக்கினார். கிடைத்தது எத்தனைக் காரட்?
4. 20 கிராம் எடையுள்ள ஒரு பதக்கத்தில் 10 காரட் எடையுள்ள மணிகள் பதிக்கப்பட்டுள்ளன. மணிகளை நீக்கினால் எஞ்சும் உலோகத்தின் எடை யாது?
5. காந்தம் இழுக்காத மஞ்சள் உலோகம் எல்லாம் தங்கமா? காரணம் கூறுக.

விடைகள்: 1. ஒன்பது கிராம். 2. பதினான்கு காரட். 3. இருபத்திரண்டு காரட். 4. பதினெட்டுக் கிராம், மணிகளின் எடை 2 கிராம். 5. அன்று; பித்தளையையும் காந்தம் இழுப்பதில்லை.